நனைந்த பாயின் வரலாறு



வரலாறு என்று சொன்னவுடன் மன்னர்களும் போர்களும் கப்பல்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வரலாறு அந்த வகையைச் சேர்ந்ததன்று. பள்ளிக்குப் போகும் வயது வந்த பிறகும் சில பிள்ளைகள் இரவில் பாயை நனைக்கிறார்களே, அதைப் பற்றிய வரலாறு. சிரிக்க வேண்டாம். இதற்காக அடி வாங்கிய பிள்ளைகள் உலகில் எத்தனையோ கோடி. இதற்காகக் கண்ணீர் விட்ட தாய்மார்களும் அவ்வளவு பேர் இருப்பார்கள். ஏறக்குறைய 3,500 ஆண்டுகளாக எழுத்தில் பதிவாகியிருக்கும் இந்தத் தொல்லையின் காரணம், நம் காலத்தில்தான் ஓரளவு விளங்கியிருக்கிறது.

செனாய் வட்டாரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவள் நான். இந்தச் செய்தி எங்கள் காதுக்கு நேராக வருவதில்லை. பள்ளியில் இரண்டு நாள் முகாம் என்று அறிவிப்போம். நன்றாக ஓடியாடி விளையாடும் பையன், முகாமுக்கு முதல் நாள் "காய்ச்சல்" என்று கடிதம் கொண்டுவருவான். அடுத்த ஆண்டும் அதே முகாம், அதே காய்ச்சல். அப்போதுதான் நாம் மெல்ல விசாரிக்கத் தொடங்குகிறோம். தாயார் பள்ளிக்கு வந்தால் வாசலிலேயே நின்று, அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "இவனுக்கு ராத்திரியிலே அந்தப் பழக்கம் இன்னும் போகலே, டீச்சர்" என்பார். அந்தப் பழக்கம் என்கிறார் பாருங்கள். பழக்கம் என்றால் பிள்ளை விரும்பிச் செய்கிறது, கண்டித்தால் விட்டுவிடும் என்று பொருளாகிறது. இந்த ஒரு சொல்லுக்குள்தான் பழைய தவறு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

பழங்காலத்தவர் இதைப் பழக்கம் என்று எண்ணவில்லை. எகிப்து நாட்டில் கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட மருத்துவச் சுவடி ஒன்று இருக்கிறது. ஏபர்ஸ் சுவடி என்று அதைச் சொல்வார்கள். சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கு ஒருவகை மரத்தின் காய்களையும் பீர் என்னும் மதுவையும் சேர்த்து மருந்து செய்யும் முறை அதில் உள்ளது. உரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற அறிஞர், எலியை வேகவைத்துப் பிள்ளையின் உணவில் கலந்து கொடுக்கச் சொன்னார். இங்கிலாந்தில் 1540-களில் தாமஸ் ஃபேர் என்ற மருத்துவர் குழந்தை நோய்களைப் பற்றி ஆங்கிலத்திலேயே ஒரு நூல் எழுதினார். அதில் படுக்கையில் சிறுநீர் கழிப்பதற்கென்று தனியாக ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். சேவலின் தொண்டைக் குழாய், முள்ளெலியின் உடற்பாகம் முதலியவற்றைப் பொடியாக்கிக் கொடுப்பது அவர் சொன்ன மருத்துவம். நம் பாரத நாட்டு ஆயுர்வேத நூலாகிய சார்ங்கதர சம்ஹிதை, பிள்ளை நோய்களின் வரிசையில் இதையும் வைத்து 'சய்யாமூத்திரம்' என்று பெயரிட்டிருக்கிறது. சய்யை என்றால் படுக்கை.

வேகவைத்த எலியைக் கேட்டு முகம் சுளிக்கிறோம். ஆனாலும் அந்த மருத்துவர்களிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. மருந்து தவறாக இருக்கலாம். பிள்ளைக்கு மருந்து வேண்டும் என்று நினைத்தார்களே, அது சரி. பிரம்பு வேண்டும் என்று அவர்கள் எழுதவில்லை.

பிரம்பும் அவமானமும் வேறு வழியாக வந்து சேர்ந்தன. கொரியா நாட்டில் பழைய காலத்தில் பாயை நனைத்த பிள்ளையின் தலையில் முறத்தைக் கவிழ்த்து, அண்டை வீடுகளுக்குப் போய் உப்பு வாங்கி வரும்படி அனுப்பிவிடுவார்களாம். முறத்தோடு வரும் பிள்ளையைப் பார்த்ததும் அண்டை வீட்டாருக்குச் சங்கதி புரிந்துவிடும். ஊர் சிரித்தால் பிள்ளை திருந்தும் என்பது அந்த வழக்கத்தின் எண்ணம். ஐரோப்பாவிலோ 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர்களே கொடுமையில் இறங்கிவிட்டார்கள். பிள்ளையின் இடுப்பில் கொப்புளம் கிளம்பும்படி மருந்து தடவினார்கள். மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். சிறுநீர்த் துவாரத்தின் வாயைப் பசைபோன்ற பொருளால் ஒட்டி வைப்பதுகூட ஒரு வைத்தியமாக இருந்தது.

ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளரின் பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1903-ல் பீகார் மாநிலத்து மோத்திஹாரியில் பிறந்தவர். பிற்பாடு பர்மாவில் போலீஸ் அதிகாரியாகவும் இருந்தார். எட்டு வயதில் அவரை இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். வீட்டில் இல்லாத தொல்லை அங்கே போனதும் தொடங்கிவிட்டது. படுக்கை நனைந்தது. அதற்காகத் தலைமை ஆசிரியர் அவரைக் குதிரைச் சவுக்கால் அடித்தார். அவர் இறந்தபின் 1952-ல் வெளியான ஒரு கட்டுரையில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தன்னை அறியாமல், தன் விருப்பமில்லாமல் நடக்கும் ஒன்றுக்காகத் தான் பாவி ஆகிவிட்டதாக அந்தச் சிறுவன் நம்பினான் என்பதுதான் அதில் நெஞ்சைத் தொடும் இடம். அடியின் வலி அன்றே ஆறிவிட்டது. அந்த நம்பிக்கை நாற்பது வயதுக்கு மேலும் அவரை விடவில்லை.

சரி, நம் தோட்டங்களுக்கு வருவோம். பழைய லயங்களை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஓர் அறையில் ஒரு குடும்பம். ஒரே பாயில் நான்கு பிள்ளைகள். கக்கூஸ் லயத்திலிருந்து தள்ளி இருக்கும். இரவில் விளக்கு இல்லை. மின்சாரம் வந்த தோட்டங்களிலும் பல இடங்களில் இரவு குறிப்பிட்ட நேரத்திற்குமேல் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். வழியெல்லாம் ஈரம், பாம்பு பயம், போதாததற்குப் பெரியவர்கள் சொல்லி வைத்த முனி பயம். ஆறு வயதுப் பிள்ளைக்கு நடு இரவில் விழிப்பே வந்தாலும் எழுந்து எங்கே போகும்? வெறுங்காலோடு போனால் கொக்கிப்புழுவும் காத்திருந்தது. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் நிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் இந்தப் புழு நோயை ஆராய்ந்தது. தோட்டங்களில் கக்கூஸ் வசதியைப் பற்றி அரசாங்கமும் துரைமார்களும் கவலைப்பட்டதற்கு இந்தப் புழுவும் வயிற்றுக்கடுப்பும்தான் காரணங்கள். பிள்ளையின் இரவுப் பயம் எந்த அறிக்கையின் தலைப்பாகவும் இருக்கவில்லை.

விடியுமுன் பெரட்டு. தாயும் தகப்பனும் பால் வெட்டப் போயாக வேண்டும். அந்த அவசரத்தில் நனைந்த பாயைப் பார்த்த தாய்க்குக் கோபம் வருவதில் வியப்பில்லை. பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து, பாயை அலசி, லயத்து முன்னால் காயப் போட வேண்டும். ஒரு லயத்து ஜனம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே போகும். சில வீடுகளில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாகக் கோணிச் சாக்கு விரித்துவிடுவார்கள் என்று எங்கள் தோட்டத்து முதியவர் ஒருவர் சொல்லக் கேட்டேன். தாயை நான் குறை சொல்லவில்லை. ஒரு பாயும் ஒரு குழாயும் இருக்கும் வீட்டில் பொறுமையும் அளவோடுதான் இருக்கும்.

1923-ல் கூட்டு மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரை உள்ள ஓர் இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. இப்படித்தான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. நல்லதுதான். ஆனால் பாய்க்குள் இருந்த இரகசியம் அப்போதுதான் வகுப்பறைக்கும் வந்தது. குளிக்காமல், சட்டை மாற்றாமல் வந்த பிள்ளையை மற்றப் பிள்ளைகள் விலக்கினார்கள். பின்வரிசைக்குப் போன பிள்ளை, பிறகு பள்ளிக்கு வருவதையே குறைத்துக்கொண்டது. தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பை நிறுத்தியதற்கு வறுமை, தங்கை தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று பல காரணங்கள் சொல்கிறோம். இந்தச் சிறிய காரணத்தையும் அந்த வரிசையின் கடைசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

1966-ல் தொழிலாளர்களின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் வந்தது. 1990-ல் அதற்குப் பதிலாக விரிவான புதிய சட்டம் வந்தது. லயங்கள் மெல்ல மறைந்து, வீட்டோடு ஒட்டிய கழிவறை வந்தது. செனாயில் 1974-ல் விமான நிலையம் திறக்கப்பட்டது. பிறகு தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் வர, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும், செம்பனை நின்ற இடத்தில் சிமெண்டுக் கட்டடமும் எழுந்தன. கழிவறை பக்கத்து அறைக்கு வந்தது. ஆனாலும் சில பிள்ளைகளின் படுக்கை நனைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே இருட்டும் தூரமும் மட்டும் காரணம் இல்லை என்பது தெளிவாகிறது.

இந்த வரலாற்றில் மிகப் பெரிய அத்தியாயம் 1939-ல் இங்கிலாந்தில் நடந்தது. ஹிட்லரின் விமானங்கள் இலண்டன் முதலிய நகரங்களில் குண்டு போடும் என்று அஞ்சிய அரசாங்கம், அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதி தொடங்கி மூன்று நான்கு நாட்களுக்குள் ஏறக்குறைய 15 இலட்சம் பேரை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பியது. அவர்களில் பெரும்பகுதியினர் பள்ளிப் பிள்ளைகள். கழுத்தில் பெயர்ச்சீட்டு, கையில் ஒரு சிறு மூட்டை, தோளில் நச்சுப்புகை முகமூடி. தாய் தகப்பன் உடன் போகவில்லை. ஆசிரியர்கள் அழைத்துப் போனார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் முன்பின் தெரியாதவர்கள் இவர்களைத் தங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பிள்ளையை வைத்திருந்தால் வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் உதவித்தொகை.

மறுநாள் காலை அந்த ஊர்களிலெல்லாம் ஒரே கூக்குரல். படுக்கை நனைந்துவிட்டது! பத்திரிகைகளில் கடிதம், நாடாளுமன்றத்தில் பேச்சு. நகரத்து ஏழைத் தாய்மார்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை, சேரிப் பிள்ளைகள் ஒழுக்கம் அறியாதவர்கள் என்று பலரும் எழுதினார்கள். தண்ணீர் புகாத விரிப்புகள் வேண்டுமென்று ஊர் மன்றங்கள் கேட்டன. அந்த விரிப்புக்கு ரப்பர் வேண்டும். அந்நாளில் உலகிலேயே மிகுதியாக ரப்பர் விளைந்தது நம் மலாயாவில். நம் பாட்டன் பாட்டி விடியுமுன் எழுந்து வெட்டிய பால், எங்கோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் படுக்கைக்கு அடியில் விரிந்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1940-ல் அரசாங்கம் ஒரு முடிவு செய்தது. இத்தகைய பிள்ளையை வைத்திருக்கும் வீட்டுக்குத் துணி துவைக்கும் செலவுக்காக வாரம் 3 ஷில்லிங் 6 பென்ஸ் வரை அதிகமாகக் கொடுக்கலாம் என்பதே அது. ஓர் அரசாங்கம் பிள்ளைகளின் நனைந்த படுக்கைக்காகப் பணம் ஒதுக்கியது என்பது வரலாற்றில் அரிய செய்தி. எந்த வீட்டிலும் தங்க முடியாத பிள்ளைகளுக்கென்று தனி விடுதிகளும் திறந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்து விடுதிகளில் டொனால்டு வின்னிக்காட் என்ற குழந்தை மருத்துவர் பணியாற்றினார். பெற்றோரைப் பிரிந்த துயரத்தைப் பிள்ளை வாயால் சொல்லத் தெரியாமல் உடலால் சொல்கிறது என்பதை அவரைப் போன்றவர்கள் எடுத்துக்காட்டினார்கள். பிள்ளைகள் புதிய வீட்டில் பழகி, பயம் தெளியத் தெளிய, பல படுக்கைகள் தாமாகவே உலர்ந்துவிட்டன. சேரி என்று திட்டியவர்கள் அதன்பின் அதிகம் பேசவில்லை. போர் முடிந்ததும் 1950-ல் ரிச்சர்டு டிட்மஸ் என்ற அறிஞர் எழுதிய அரசாங்க வரலாற்று நூலில் படுக்கை நனைந்த இந்தக் கதைக்கும் இடம் கிடைத்தது.

நம் நாட்டிலும் அதே போரின்போது, 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத்துத் தகப்பன்மார் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். பிரிவு பிள்ளையை என்ன செய்யும் என்பதை இங்கிலாந்துக்காரன் சொல்லி நாம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இன்றும் நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று பாயை நனைக்கத் தொடங்கினால், வீட்டில் மரணமோ சண்டையோ பிரிவோ வீடு மாற்றமோ நடந்ததா என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். தம்பி தங்கை பிறந்ததும் ஒரு காரணமாகலாம். பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். அந்த விஷயத்தில் எங்களிடம் வந்து சொல்லத் தயங்க வேண்டாம்.

ஆனால் பிறந்தது முதல் ஒரு நாளும் இரவு உலராத பிள்ளைகள் வேறு வகை. பெரும்பான்மையோர் இவர்கள்தாம். இவர்களுக்கு மனத்துயரம் எதுவும் வேண்டியதில்லை. இந்த உண்மையைக் கண்டுபிடிக்கத் தற்செயலான ஒரு நிகழ்ச்சி உதவியது. 1904-ல் ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த மருத்துவர் ஃபவுண்ட்லர், மருத்துவமனையில் பிள்ளையின் படுக்கை நனைந்ததும் மணி அடிக்கும்படி ஒரு கருவி செய்து வைத்தார். தாதி உடனே வந்து துணி மாற்ற வேண்டும் என்பதுதான் நோக்கம். சில வாரங்களில் பார்த்தால், மணி அடிப்பது குறைந்துகொண்டே வந்தது! பிள்ளைகள் நனைப்பதற்கு முன்பே விழித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். 1938-ல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் இதையே முறையாக 30 பிள்ளைகளிடம் செய்து பார்த்து நல்ல பலன் கண்டார்கள். அடியில்லை, திட்டில்லை, மருந்தும் இல்லை. ஒரு மணி மட்டும். இன்றுவரை மருத்துவர்கள் முதலில் சொல்லும் சிகிச்சைகளில் இந்த மணிக் கருவியும் ஒன்று. கருவி சிறிதாகிச் சட்டையில் பொருத்தும் அளவுக்கு வந்துவிட்டது. இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். தொடக்கத்தில் மணி அடித்தும் பிள்ளை எழாது. பெரியவர் எழுந்து எழுப்ப வேண்டும். அதிகாலையில் வேலைக்குப் போகும் வீட்டில் இது எளிதன்று என்பதும் எனக்குத் தெரியும்.

மணி அடித்தும் எழாத அந்த ஆழ்ந்த தூக்கத்தைத்தான் நம்மவர்கள் 'சோம்பேறித் தூக்கம்' என்கிறார்கள். அறிவியல் வேறு சொல்கிறது. இரவில் மூளை ஒருவகை ஊறுநீரை மிகுதியாகச் சுரந்து, சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளை இடுகிறது. அதனால்தான் நாம் இரவு முழுதும் எழாமல் தூங்க முடிகிறது. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்த இரவுச் சுரப்பு உயர்வதில்லை என்று 1985-ல் டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் கண்டார்கள். அந்த ஊறுநீரைப் போன்ற மருந்தை 1960-களிலேயே செயற்கையாகச் செய்திருந்தார்கள். அது இன்றும் பயன்படுகிறது. மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக்கூடாது. மருந்து சாப்பிட்ட இரவில் நிறையத் தண்ணீர் குடித்தால் ஆபத்தும் உண்டு.

பரம்பரையும் ஒரு காரணம். 1970-களில் அமெரிக்காவில் எடுத்த கணக்கின்படி, தாயும் தகப்பனும் சிறுவயதில் பாயை நனைத்தவர்களானால் அவர்களின் பிள்ளைகள் 100 பேரில் சுமார் 77 பேர் நனைக்கிறார்கள். ஒருவர் மட்டும் என்றால் சுமார் 44. இருவருமே இல்லையென்றால் சுமார் 15. 1995-ல் டென்மார்க்கிலேயே இதற்குத் தொடர்புள்ள மரபுக்கூற்றின் இடத்தையும் அடையாளம் கண்டார்கள். ஆகவே மகனை அடிக்கப் பிரம்பெடுக்கும் தகப்பன், முதலில் தன் தாயாரிடம் போய்த் தன் சிறுவயதுக் கதையைக் கேட்டுக்கொள்வது நல்லது. பாட்டிமார்கள் இந்த விஷயத்தை மறப்பதில்லை.

இன்னொரு கண்டுபிடிப்பு 1980-களில் கனடா நாட்டு மொன்றியால் நகரிலிருந்து வந்தது. மலச்சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு, நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. மலச்சிக்கலைச் சரிசெய்தால் பலரின் பாயும் உலர்ந்தது. காய்கறி, பழம், பகலில் நிறையத் தண்ணீர் என்று நம் வீட்டிலேயே தொடங்கக்கூடிய காரியம் இது. தண்ணீரை நாள் முழுதும் குறைத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தவறு. பள்ளிக்குப் போத்தலில் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். மாலைக்குமேல் மட்டும் குறையுங்கள். இரவில் தேத்தண்ணீர், கோப்பி வேண்டாம். படுக்குமுன் ஒருமுறை கழிவறைக்குப் போகச் செய்து, அங்கே ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள். நடு இரவில் தூக்கக் கலக்கத்தோடு தூக்கிக்கொண்டு போவதால் பாய் காய்ந்திருக்கும். பிள்ளை விழித்துக்கொள்ளப் பழகாது. காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் குளிப்பாட்டி அனுப்புங்கள். வகுப்பறையில் அந்தப் பிள்ளையின் மானம் பாதிக்குமேல் அந்த ஒரு வாளித் தண்ணீரில்தான் இருக்கிறது.

ஐந்து வயதுக்கு முன்னால் நனைப்பதை மருத்துவர்கள் நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து வயதில் 100-க்கு 15 பிள்ளைகள் அளவுக்கு நனைக்கிறார்கள். ஏழு வயதில் அது 5 முதல் 10 வரை குறைகிறது. 40 பேர் உள்ள இரண்டாம் மூன்றாம் ஆண்டு வகுப்பென்றால் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். ஒவ்வொருவனும் உலகத்திலேயே தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நனைக்கும் பிள்ளைகளில் ஆண்டுதோறும் 100-க்கு ஏறக்குறைய 15 பேர் எந்த வைத்தியமும் இல்லாமலேயே விடுபடுகிறார்கள். ஆனால் பத்து வயதாகியும் தொடர்ந்தால் தானாகப் போகும் என்று காத்திருக்க வேண்டாம். முகாமுக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளைக்கு ஓராண்டு என்பது மிக நீண்ட காலம்.

உடனே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டிய பிள்ளைகளும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் உலர்ந்திருந்து மறுபடியும் நனைக்கும் பிள்ளை. பகலிலும் அடக்க முடியாத பிள்ளை. சிறுநீர் போகும்போது எரிச்சலோ வலியோ காய்ச்சலோ உள்ள பிள்ளை. தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடும் பிள்ளை. ஓயாமல் தாகம் எடுத்து, நிறையச் சிறுநீர் கழித்து, உடல் மெலிந்து வரும் பிள்ளையாக இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். அது இனிப்பு நீராக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் அந்த நோய் வரும். போகும்போது எத்தனை நாள் நனைந்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று இரண்டு வாரக் கணக்கை நாள்காட்டியில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். அதைக் குறிக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள்.